35 வயதுக்குப் பிறகு முதல் பிள்ளை: கொழும்பில் எங்கே பெறுவது?

முதல் பிள்ளையை 36இலோ 40இலோ சுமக்கும் பெண்கள் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இப்போது அபூர்வம் இல்லை. படிப்பு, வேலை, தங்கச்சிமாரின் கலியாணம், வெளிநாட்டு விசாவுக்கான காத்திருப்பு, பிள்ளை தங்காமல் போன வருடங்கள் என்று காரணம் ஆளுக்கொன்று. எதுவானாலும், பிள்ளை உண்டாகியிருக்கிறது என்று தெரிந்த கிழமையே வீட்டில் விவாதம் தொடங்கிவிடும். மாமி தனியார் ஆஸ்பத்திரிதான் என்பார். அலுவலகத்துத் தோழி காசல் வீதி அரச ஆஸ்பத்திரியை விட்டால் வேறிடம் இல்லை என்பார். யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா, "இஞ்ச வா பிள்ளை, நான் பாத்துக்கொள்ளுறன்" என்பார். மூவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. அதனால்தான் முடிவெடுக்க முடியாமல் பல பெண்கள் என்னிடம் கேட்கிறார்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அறை எப்படி இருக்கிறது என்பதைக் கடைசியாகப் பாருங்கள். இரவு இரண்டு மணிக்கு ஏதாவது பிசகினால் அந்தக் கட்டடத்துக்குள் யார் இருப்பார்கள், என்ன இருக்கும் என்பதை முதலில் பாருங்கள்.

## எதை வைத்து ஒப்பிடுவது

35 வயது பிறந்தநாளோடு ஆபத்து திடீரென்று வந்து குதிப்பதில்லை. அது மெல்ல மெல்லக் கூடுவது. டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தை பிறக்கும் வாய்ப்பு 35 வயதில் ஏறக்குறைய 350இல் ஒன்று. 40இல் ஏறக்குறைய 100இல் ஒன்று. 100இல் ஒன்று என்றால் 99 குழந்தைகளுக்கு அது இல்லை என்பதையும் சேர்த்து வாசியுங்கள். கர்ப்பகாலச் சீனி வருத்தம் நம் தெற்காசியப் பெண்களுக்கு ஏற்கனவே அதிகம். வயதும் சேர்ந்தால் இன்னும் கூடும். பிரசர் ஏறும் சிக்கல் முதல் கர்ப்பத்தில்தான் கூடுதலாக வரும். முதல் கர்ப்பமும் 40 வயதும் ஒன்றாக வரும்போது டொக்டர்மார் 12ஆம் வாரத்துக்குப் பிறகு சிறிய அளவில் அஸ்பிரின் கொடுப்பதுண்டு. 40 தாண்டியவர்களுக்கு, நாள் கடந்து குழந்தை வயிற்றிலேயே இறக்கும் ஆபத்து சற்றுக் கூடுவதால், 39 அல்லது 40 வாரத்தில் வலியை வரவழைப்பது பற்றிப் பேசுவார்கள். சிசேரியன் ஆகும் வாய்ப்பும் கூடுதல். ஐவிஎஃப் (சோதனைக்குழாய் முறை) மூலம் உண்டாகி இரட்டைப் பிள்ளை என்றால் குறைமாதப் பிரசவத்தையும் எதிர்பார்த்துத் திட்டமிட வேண்டும்.

இவற்றை வைத்துப் பார்த்தால் ஒப்பிட வேண்டியவை தெளிவாகும். முதலாவது அவசர வசதி. சத்திரசிகிச்சை அறை, மயக்க மருந்து டொக்டர், இரத்தம், பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு என்ற நான்கும் எந்த நேரமும் கைக்கெட்ட வேண்டும். இரண்டாவது, உங்கள் வரலாறு தெரிந்த ஒரே டொக்டர் தொடர்ந்து பார்க்கிறாரா என்பது. மூன்றாவது பணம், அதாவது சொல்லப்படும் தொகையும் சொல்லப்படாத தொகையும். நான்காவது மொழியும் பக்கத்தில் நிற்க ஒரு ஆளும். ஐந்தாவது வீடு திரும்பிய பிறகான நாற்பது நாள். இந்தக் கடைசி விஷயத்தை 25 வயதுத் தாய் யோசிக்காமல் விட்டாலும் சமாளித்துவிடுவாள். 38 வயதுத் தாய்க்கு அது முக்கியம். ஏனென்றால் அவளைப் பார்க்க வேண்டிய அம்மாவுக்கு இப்போது 68 வயது, முழங்கால் வலி வேறு.

எந்த வழியைத் தேர்ந்தாலும் ஒன்று பொது: முதல் எட்டு வாரத்துக்குள் உங்கள் பகுதி மிட்வைஃபிடம் பதிவு செய்யுங்கள். தனியார் டொக்டரிடம் போகிறோம், அது எதற்கு என்று நம்மவர்கள் பலர் விட்டுவிடுகிறார்கள். அங்கே தரும் கர்ப்பிணி அட்டைதான் எந்த ஆஸ்பத்திரி வாசலிலும் உங்கள் கதையைச் சொல்லும். 35க்கு மேல் என்பதை அதில் கூடுதல் கவனம் தேவைப்படும் காரணமாகவே குறிப்பார்கள். இரத்தப் பரிசோதனை, இரும்பு, கல்சியம் மாத்திரைகள், ஏற்பூசி, திரிபோஷா சத்துமா எல்லாம் அந்த வழியில் இலவசம். இன்னும் பிள்ளை உண்டாகவில்லை, முயற்சியில்தான் இருக்கிறீர்கள் என்றால் ஃபோலிக் அசிட் மாத்திரையை இன்றே தொடங்கலாம். ருபெல்லா ஏற்பூசி போட்டதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

## வழி ஒன்று: முழுக்க அரச ஆஸ்பத்திரி

கொழும்பில் இருப்பவர்களுக்கு இது ஒரு வாய்ப்பு, மாற்று இல்லாதவர்களின் வழியாக மட்டும் இதைப் பார்க்கக் கூடாது. சொய்சா ஆஸ்பத்திரி 1879இல் தொடங்கியது. ஆசியாவின் மிகப் பழைய மகப்பேற்று ஆஸ்பத்திரிகளில் ஒன்று. பொரளையில் காசல் வீதி மகளிர் ஆஸ்பத்திரி இருக்கிறது. தெஹிவளைப் பக்கத்தவர்களுக்குக் களுபோவிலை, வத்தளைப் பக்கத்தவர்களுக்கு ராகமை. இவை இரவு பகலாகப் பிரசவம் பார்க்கும் இடங்கள். பிரசவத்துக்குப் பிந்திய இரத்தப்போக்கு, வலிப்பு, குறைமாதக் குழந்தை எல்லாம் அங்கே உள்ளவர்களுக்குப் பழக்கமானவை. ஆபத்தான தாய்மாரை மற்ற ஆஸ்பத்திரிகள் அனுப்பி வைப்பதும் இப்படிப்பட்ட இடங்களுக்குத்தான். முதல் அளவுகோலில் இந்த வழிக்கு நிகர் இல்லை.

மறைவான செலவு நேரம். கிளினிக் நாள் என்றால் அரை நாள் போய்விடும். சீனியோ பிரசரோ இருந்தால் வரவேண்டிய நாட்கள் இன்னும் கூடும். வேலை பார்க்கும் பெண்ணுக்குப் பிரசவ விடுமுறை 84 நாள். அதற்கு முன்பே சொந்த லீவு எல்லாம் கிளினிக்குக்குக் கரைந்துவிடும். சில ஸ்கேனையும் இரத்தப் பரிசோதனையையும் வெளியில் எடுத்து வரச் சொல்வதும் உண்டு. ஒவ்வொரு முறையும் வேறு வேறு டொக்டர் பார்க்கலாம். பிள்ளைப்பேற்று அறைக்குள் கணவரை விடுவது எல்லா இடத்திலும் நடப்பதில்லை. இரவில் வோட்டில் தனியாக இருக்கப் பழக வேண்டும். எபிடியூரல் (முதுகில் போடும் வலி குறைக்கும் ஊசி) கேட்டவுடன் கிடைக்கும் என்று நம்பியிருக்கவும் வேண்டாம்.

மொழி பற்றி வெளிப்படையாகவே சொல்ல வேண்டும். தமிழ் அரசகரும மொழிதான். ஆனாலும் நள்ளிரவில் உங்கள் கட்டிலருகே வரும் தாதிக்குத் தமிழ் தெரியும் என்ற உறுதி இல்லை. சிங்களம் சரளமாக வராத பெண்கள் வலியில் வாயடைத்துப் போகிறார்கள், சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விடுகிறார்கள். எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் கவலை தருவது இதுதான். ஆகவே சில வரிகளையாவது முன்கூட்டியே பழகிக்கொள்ளுங்கள். இரத்தம் போகிறது என்பதற்கு "லே யனவா", குழந்தை அசையவில்லை என்பதற்கு "பபா ஹெல்லென்னே நே". பெருமை, கோபம், அரசியல் எல்லாவற்றையும் அந்த ஓர் இரவுக்கு ஒதுக்கி வையுங்கள்.

இது யாருக்குச் சிறந்தது? இரட்டைப் பிள்ளை, ஏற்கனவே சீனி அல்லது பிரசர் அல்லது இதய வருத்தம் உள்ளவர்கள், நஞ்சுக்கொடி கீழே இருப்பதாக ஸ்கேன் சொன்னவர்கள். இவர்கள் கையில் எவ்வளவு காசு இருந்தாலும் பெரிய அரச ஆஸ்பத்திரியையே முதலில் யோசிக்க வேண்டும்.

## வழி இரண்டு: முழுக்கத் தனியார்

நாரஹேன்பிட்டியில் நைன்வெல்ஸ் மகப்பேற்றுக்கென்றே இருக்கிறது. டர்டன்ஸ், நவலோக்க, ஆசிரி, லங்கா ஹொஸ்பிட்டல்ஸ் என்று வேறு பெயர்களும் உங்களுக்குத் தெரிந்தவையே. நேரம் குறித்துப் போய்ப் பார்க்கலாம். அதே டொக்டரே ஒவ்வொரு முறையும் பார்ப்பார், சந்தேகங்களை உட்கார்ந்து கேட்கலாம். கணவரோ அம்மாவோ இரவில் கூட இருக்கலாம். பல வருடம் காத்திருந்து, இரண்டு முறை கரு கலைந்து, மூன்றாவதாகத் தங்கிய பிள்ளையைச் சுமப்பவளுக்கு அந்த அமைதி மருந்துக்குச் சமம். அதை ஆடம்பரம் என்று யாரும் சொல்லக் கூடாது.

ஆனால் கேட்க வேண்டியதைக் கேளுங்கள். பிரசவப் பொதி என்று சொல்லும் தொகைக்குள் என்ன அடங்கும்? டொக்டரின் கட்டணம், மயக்க மருந்து டொக்டரின் கட்டணம், குழந்தை டொக்டர், இரத்தம், கூடுதல் நாட்கள் எல்லாம் உள்ளேயா வெளியேயா? சுகப்பிரசவம் என்று போய்ச் சிசேரியனில் முடிந்தால் எவ்வளவு கூடும்? எல்லாவற்றுக்கும் மேலே, குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்க நேர்ந்தால் ஒரு நாளைக்கு எவ்வளவு? கணக்கைக் குலைப்பது அநேகமாக இந்தக் கடைசிக் கேள்விதான். 32 வாரத்தில் பிறந்த குழந்தை கிழமைக்கணக்கில் அங்கே இருக்கலாம், கட்டணம் நாட்கணக்கில் ஏறும். அலுவலகக் காப்புறுதி இருக்கிறது என்று நம்பியிருந்தால் இன்றே அதை எடுத்து வாசியுங்கள். பிரசவத்துக்குத் தனி வரம்பும் காத்திருப்புக் காலமும் போட்டிருப்பார்கள். தாயின் பிரசவத்துக்குத் தரும் காப்புறுதி, பிறந்த குழந்தையின் செலவுக்கும் தரும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

பணத்தைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. உங்கள் டொக்டர் பகலில் அரச ஆஸ்பத்திரியில் இருப்பவராக இருக்கலாம். அப்படியானால் இரவில் உங்களை முதலில் பார்ப்பது யார்? மயக்க மருந்து டொக்டர் கட்டடத்திலேயே இருப்பாரா, வீட்டிலிருந்து கூப்பிட வேண்டுமா? நிலைமை மோசமானால் எங்கே மாற்றுவார்கள்? இவற்றை முகம் சுளிக்காமல் விளக்கும் இடம் நல்ல இடம். "அதெல்லாம் பயப்பட வேண்டாம்" என்று மட்டும் சொல்லும் இடத்தில் நான் சேரமாட்டேன்.

இன்னொன்றையும் இங்கேதான் சொல்ல வேண்டும். தனியார் ஆஸ்பத்திரியில் நாள் குறித்துச் சிசேரியன் செய்யலாம் என்றதும் நம் வீடுகளில் பஞ்சாங்கம் வெளியே வந்துவிடும். நட்சத்திரம் பார்ப்பது உங்கள் நம்பிக்கை, அதில் நான் தலையிடவில்லை. ஆனால் மருத்துவக் காரணம் எதுவும் இல்லாமல் 39 வாரத்துக்கு முன்னால் குழந்தையை எடுத்தால் மூச்சுத் திணறல் வரும் வாய்ப்புக் கூடும். நல்ல நாளை 39 வாரத்துக்குப் பிறகு தேடுங்கள். அங்கேயும் நல்ல நாட்கள் இருக்கின்றன.

முழுக்கத் தனியார் நன்றாகப் பொருந்துவது ஒற்றைப் பிள்ளை, சீனியும் பிரசரும் கட்டுக்குள், ஸ்கேன் எல்லாம் சரி, கையில் பொதித் தொகைக்கு மேல் சேமிப்பும் இருக்கிறது என்பவர்களுக்கு.

## வழி மூன்று: வெளியில் சனல், உள்ளே அரச வோட்

கொழும்பில் நடுத்தரக் குடும்பங்கள் பலவும் போகும் வழி இதுதான். அரச ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் மகப்பேற்று நிபுணர் ஒருவரைப் பின்னேரம் சனல் பண்ணி, அதாவது வெளியில் காசு கட்டி நேரம் எடுத்து, காட்டுவார்கள். பிரசவ நேரம் வந்ததும் அவருடைய அரச வோட்டிலேயே சேர்வார்கள். வரலாறு தெரிந்த டொக்டரும் கிடைக்கிறார், பெரிய ஆஸ்பத்திரியின் அவசர வசதியும் கிடைக்கிறது. செலவு சனல் கட்டணமும் வெளி ஸ்கேன்களும் மட்டும். முதல் மூன்று அளவுகோலிலும் சேர்த்துப் பார்த்தால் 35க்கு மேற்பட்ட பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்வது இதையே.

இதன் பலவீனம் ஒரே ஆளை நம்பியிருப்பது. அந்த டொக்டர் இடமாற்றம் போகலாம், பயிற்சிக்கு வெளிநாடு போகலாம். 2022 நெருக்கடிக்குப் பிறகு நிபுணர்கள் பலர் நாட்டை விட்டே போனதை நாம் பார்த்தோம். எனவே இரண்டாவது சந்திப்பிலேயே, என் பிரசவ மாதத்தில் நீங்கள் இங்கே இருப்பீர்களா, இல்லாவிட்டால் யாரிடம் போக வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். அவர் இருந்தாலும் உங்கள் வலி நேரத்தில் அவரே வருவார் என்ற உறுதி இல்லை. வோட்டில் உள்ள டொக்டர்மாரும் தாதியரும்தான் பார்ப்பார்கள், தேவைப்பட்டால் அவரைக் கூப்பிடுவார்கள். சனல் கட்டணம் தனிக் கவனிப்புக்கான உத்தரவாதம் என்று நினைத்துப் போனவர்கள் வோட்டில் மனம் நொந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, சனல் செய்வதால் ஆஸ்பத்திரிக் கிளினிக்கை விட்டுவிடாதீர்கள். அங்கேயும் பதிந்து சில முறையாவது போய் வாருங்கள். ரிப்போட்டுகள் ஒரே கோப்பில் இருக்கட்டும்.

பரிசோதனைகள் பற்றிய முடிவும் அநேகமாக இந்தச் சனல் அறையில்தான் வரும். 11 முதல் 14 வாரத்துக்குள் குழந்தையின் கழுத்துப் பின்பக்க நீரை அளக்கும் ஸ்கேன், 18 முதல் 22 வாரத்துக்குள் உறுப்புகளைப் பார்க்கும் ஸ்கேன், 24 முதல் 28 வாரத்துக்குள் குளுக்கோஸ் குடித்துச் செய்யும் சீனிப் பரிசோதனை. தாயின் இரத்தத்திலிருந்தே குழந்தையின் குரோமோசோம் குறைபாட்டைக் கணிக்கும் என்ஐபிடி பரிசோதனைக்கு வெளியில் நல்ல விலை கொடுக்க வேண்டும். அதுவும் வாய்ப்பைச் சொல்லும் பரிசோதனை மட்டுமே. உறுதிப்படுத்த பனிக்குட நீரை எடுத்துப் பார்க்க வேண்டும். அதற்குக் காசு கட்டுவதற்கு முன் கணவனும் மனைவியும் ஒன்றைப் பேசிக்கொள்ள வேண்டும். இலங்கையில் 1883ஆம் ஆண்டின் தண்டனைக் கோவை, தாயின் உயிரைக் காப்பதற்காக அன்றிக் கருக்கலைப்பை அனுமதிக்கவில்லை. குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் என்பது அந்த விதிவிலக்குக்குள் வராது. அப்படியானால் விடை தெரிந்து என்ன பயன்? சிலருக்குப் பயன் உண்டு. முன்கூட்டியே தெரிந்தால் மனதைத் தயார்படுத்தலாம், குழந்தைக்கு இதயக் கோளாறு இருக்கிறதா என்று பார்க்கலாம், லேடி ரிட்ஜ்வே சிறுவர் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் பிரசவத்தை வைத்துக்கொள்ளலாம். வேறு சிலருக்கு அது ஆறு மாதம் அழுவதற்கான காரணம் மட்டும். இரண்டும் சரியான பதில்களே. உறவினர் யாரும் இதில் வாய் வைக்க வேண்டியதில்லை.

முழுக்க அரசும் வேண்டாம், தனியார் பில்லும் தாங்காது என்பவர்கள் ஸ்ரீ ஜயவர்தனபுர ஆஸ்பத்திரியை விசாரித்துப் பாருங்கள். அரசு சார்ந்த பெரிய பொது ஆஸ்பத்திரி, கட்டணம் உண்டு.

## வழி நான்கு: யாழ்ப்பாணத்தில் தாய்வீடு

யாழ் போதனா வைத்தியசாலை பெரிய ஆஸ்பத்திரி, எல்லாம் தமிழில் நடக்கும். வலியில் கத்தினாலும் தமிழில் கத்தலாம், அதற்குப் பதிலும் தமிழில் வரும். சரக்குக் கறி, மருந்து அவித்த தண்ணீர், குளிப்பாட்டத் தெரிந்த கைகள், 31ஆம் நாள் துடக்குக் கழிவு எல்லாம் வீட்டு முற்றத்திலேயே. நான்காவது, ஐந்தாவது அளவுகோல்களில் இந்த வழியே முன்னால் நிற்கிறது.

தடை தூரம்தான். கொழும்பிலிருந்து ஏறக்குறைய 400 கிலோமீட்டர். குறைந்தது 32, 33 வாரத்திலேயே போய்விட வேண்டும். அங்கே புதிய டொக்டரிடம் பதிய வேண்டும். கணவர் கொழும்பில் வேலையில் இருந்தால் பிரசவ நேரத்துக்கு வந்து சேருவது அதிர்ஷ்டம். அரச ஊழியருக்கே தந்தைக்கான விடுமுறை மூன்று நாள். தனியார் துறையில் சட்டம் எதையும் கட்டாயமாக்கவில்லை. முன்கூட்டியே போவதால் உங்கள் லீவும் முன்பக்கத்தில் கரையும்.

அம்மாவின் உடல்நிலையையும் மனதில் கொள்ளுங்கள். அவர் வாயால் முடியாது என்று சொல்லமாட்டார். இரவில் நான்கு முறை எழும்புவதும், கிணற்றடியில் பிள்ளைத் துணி அலசுவதும், அடுப்படியில் நிற்பதும் 70 வயதில் முடியுமா? சகோதரங்கள் எல்லாம் கனடாவிலும் லண்டனிலும் இருந்தால் அவருக்குக் கைகொடுக்க யாருமில்லை. வீட்டில் சித்தியோ மச்சாளோ உதவிக்கு இருந்தால், கர்ப்பமும் சிக்கலின்றிப் போனால், தாராளமாகப் போங்கள். இல்லாவிட்டால் அம்மாவைக் கொழும்புக்கு அழைத்து, சமையலுக்கும் துணி துவைக்கவும் இரண்டு மாதத்துக்கு ஆள் வைப்பது நல்லது. துவைத்த பிள்ளைத் துணியை உலர்த்த இடமில்லாத பிளட்டில் அம்மா புழுங்குவார்தான். ஆனாலும் பேரப்பிள்ளையைப் பிடிக்க மட்டும் அவரை விட்டுவிட்டால் அவர் சந்தோஷமாக இருப்பார்.

## ஒரே பார்வையில்

| | முழு அரசு | முழுத் தனியார் | சனல் + அரச வோட் | யாழ்ப்பாணம் |
|---|---|---|---|---|
| இரவு அவசரம் | மிக நன்று | இடத்தைப் பொறுத்தது, கேட்டறியவும் | மிக நன்று | நன்று, வீடு தூரமாக இல்லாவிட்டால் |
| ஒரே டொக்டர் | அரிது | ஆம் | கிளினிக்கில் ஆம், வலி நேரத்தில் உறுதியில்லை | நடுவில் மாறும் |
| மறைவான செலவு | நேரம், லீவு | குழந்தைத் தீவிர சிகிச்சை, சிசேரியன் கூடுதல் | வெளி ஸ்கேன்கள், டொக்டரின் இடமாற்றம் | பயணம், இரண்டு வீட்டுச் செலவு |
| தமிழ் | உறுதியில்லை | ஓரளவு கேட்டுப் பெறலாம் | உறுதியில்லை | ஆம் |
| பக்கத்தில் ஆள் | குறைவு | ஆம் | குறைவு | வீட்டில் ஆம், வோட்டில் விதிப்படி |

## எப்போது முடிவெடுப்பது, எப்போது மாற்றுவது

எட்டு வாரத்துக்குள் மிட்வைஃப் பதிவு. 14 வாரத்துக்குள் எந்த வழி என்று ஒரு தற்காலிக முடிவு. 28 வாரத்தில் சீனிப் பரிசோதனை விடையும் பிரசர் நிலையும் கையில் இருக்கும். அப்போது அந்த முடிவை மறுபடி எடுத்துப் பாருங்கள். தனியார் என்று தீர்மானித்தவருக்குப் பிரசர் ஏறத் தொடங்கினால் வழி மூன்றுக்கு மாறலாம், அதில் வெட்கம் இல்லை. கட்டிய முற்பணம் போனால் போகட்டும். 34 வாரத்துக்குப் பிறகு இடம் மாற்றுவதென்றால் டொக்டரின் கடிதத்தோடு மாற்றுங்கள்.

குழந்தை வீட்டுக்கு வந்ததும் மிட்வைஃபுக்குச் சொல்லிவிட வேண்டும். முதல் பத்து நாளில் இரண்டு முறை வந்து தாயையும் பிள்ளையையும் பார்ப்பது அவருடைய கடமை. தனியார் ஆஸ்பத்திரியில் பெற்றாலும் வருவார், யாழ்ப்பாணத்தில் என்றால் அந்தப் பகுதி மிட்வைஃப் வருவார். பால் சரியாக வராததும், தையல் சீழ் பிடிப்பதும், தாய் காரணமின்றி அழுதுகொண்டே இருப்பதும் அவர் கண்ணில்தான் முதலில் படும்.

எந்த வழி ஆனாலும் அவசரத்துக்கு 1990 சுவசரிய அம்புலன்ஸ் இலவசம். ஆனால் அது கொண்டுபோவது பக்கத்தில் உள்ள அரச ஆஸ்பத்திரிக்கு. தனியார் ஆஸ்பத்திரியில் பதிந்தவர்களும் அந்த ஆஸ்பத்திரி எது என்று தெரிந்து வைத்திருக்க வேண்டும். பையை எடுத்து வைக்கும் நாளிலேயே கர்ப்பிணி அட்டையின் எல்லாப் பக்கத்தையும் போனில் படம் பிடித்து, கணவருக்கும் பக்கத்து வீட்டில் நம்பகமான ஒருவருக்கும் அனுப்பிவிடுங்கள்.